முதுகு மூடும் வேளை

என் தம்பிக்கு, என் பிள்ளைக்கு,

இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இப்போது நீ நேற்றுப் பிறந்த பிள்ளை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் கவிழ்ந்து படுத்திருக்கிறாய். உன் முதுகின் அடிப்பக்கம் மூடாமல் போன ஓர் இடம் இருக்கிறது. அதன்மேல் ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறார்கள். காலைக்குள் அப்பா கையெழுத்துப் போட்டால் டாக்டர்கள் அதைத் தைத்து மூடுவார்கள். போடாவிட்டால் உன்னைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அப்படிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் அது நடக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கடிதத்தை உன் அம்மா எழுதியிருக்க வேண்டும். அவள் வயிற்றில் தையலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. அப்பா பேசுகிற ஆளே இல்லை. ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற உன் அக்கா எழுதுகிறேன். எம்.ரெட்டியபட்டியில் நம் வீட்டில், போர்வைக்குள் டார்ச்சை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளி அறையில் அத்தை படுத்திருக்கிறாள். அப்பாவின் அக்கா, பந்தல்குடியில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று அவளோடு என்னை இன்று மதியம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தாள் அவள் கையில் கிடைத்தால் கிழித்து அடுப்பில் போடுவாள். அந்தப் பயமும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் காலை விடிவதுதான்.

உனக்கு முதலில் ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதே. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, கடுகளவு பழ ஈ, அதைத்தான் நானும் நஸ்ரினும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக வளர்த்தோம். நஸ்ரின் என் வகுப்புத் தோழி. வீரசோழனிலிருந்து பஸ்ஸில் திருச்சுழிக்கு வருகிறவள். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தோம். ஈ முட்டையிடுவதற்குத் திராட்சைச் சாறு கலந்த ஒரு மெத்தை வேண்டும் என்று அதில் சொன்னார்கள். நஸ்ரின் வீட்டில் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்கள். அவள் அம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி வந்து திராட்சைச் சாற்றில் காய்ச்சித் தட்டில் ஊற்றினோம். அது சரியாக உறைந்தது. ஆனால் நம் ஊர் வெயிலில் ஈக்கள் சோர்ந்துபோய் முட்டையே இடவில்லை. தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈரமணலில் ஈக்கள் இருந்த பாட்டிலைப் புதைத்துவைத்த பிறகுதான் இட்டன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "படிக்கிற புள்ள ஈ வளக்குதாம்ல. அந்தப் பாடுபட்டு ஒரு ஆட்ட வளத்தா கறியாச்சும் மிஞ்சும்" என்றாள். அப்பா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

முட்டையின் ஓட்டைத் துணி வெளுக்கிற மருந்தில் கரைத்து, ஒரு சொட்டு எண்ணெயில் போட்டு, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதன் கண்ணில் போனை ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். முதலில் ஒரு அரிசிமணி. அதன் ஓரத்தைச் சுற்றிக் கண்ணாடிச் செங்கல் அடுக்கியதுபோல ஒரே வரிசையாகச் செல்கள். கை இல்லை, கால் இல்லை, தலை எது என்றுகூடத் தெரியாது. பிறகு அது அசைய ஆரம்பித்தது. வயிற்றுப் பக்கத்தில் இருந்த செல்கள் ஒவ்வொன்றும் தன் மேல்முனையைச் சுருக்கிக்கொண்டன. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கி உள்ளே போகுமே, அப்படி அந்த வரிசை முழுவதும் உள்ளே மடிந்து போய்விட்டது. டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நஸ்ரின் என் கையைக் கிள்ளினாள். "ஏய், யாருடி அத மடிக்கிறது?" என்றாள். யாரும் மடிக்கவில்லை. மேஸ்திரி கிடையாது. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கிறது. அத்தனை இழுப்பும் சேர்ந்துதான் உடம்புக்கு வடிவம். பிறகு செல்கள் ஒன்றையொன்று இடம்மாற்றிக்கொண்டு நெருக்கிப் புகுந்தன. அகலமாக இருந்த உடம்பு ஒடுங்கி நீளமாயிற்று.

கடைசியில்தான் முதுகு. ஈயின் முதுகு வெகுநேரம் திறந்தே இருக்கிறது. நடுவில் மெல்லிய சவ்வு மாதிரி சில பெரிய செல்கள். இரண்டு விலாப் பக்கத்திலிருந்தும் தோல் மெதுவாக ஏறி வருகிறது. நடுவில் இருப்பவை சுருங்கிச் சுருங்கி, தாங்கள் உள்ளே அமுங்கிக்கொண்டே இரண்டு ஓரத்தையும் இழுத்துக் கொடுக்கின்றன. ஓரங்கள் சந்திக்கும்போது விரல் மாதிரி நீட்டி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இது இத்தனை தெளிவாக எங்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியவில்லை, வீடியோவில்தான் பார்த்தோம். அந்த வீடியோவில் இன்னொன்றும் காட்டினார்கள். ஒளியை நூல்போல ஆக்கி, அதை வைத்து அந்தச் சவ்வில் ஒரு சின்ன வெட்டு வெட்டுகிறார்கள். வெட்டியதும் இரண்டு ஓரமும் வெடுக்கென்று விலகி ஓடுகின்றன. அது எவ்வளவு வேகமாக விலகுகிறதோ அவ்வளவு விறைப்பாக அதுவரை இழுபட்டிருந்தது என்று அர்த்தமாம். வெட்டுகிறவரைக்கும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் அமைதியாக இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

நம் வீடும் அப்படித்தான் இருந்தது, தம்பி. நீ வயிற்றில் இருக்கிறாய் என்பதை அம்மா ஐந்து மாதம் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியும். வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு தான் முழுகாமல் இருப்பது வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று அவளுக்குப் பயம். ஊர் சிரிக்கத்தான் செய்தது. விஷயம் தெரிந்த பிறகு ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னத்தா, ஒனக்குத் தொட்டிலு கட்டுற வயசுல ஒங்கம்மா கட்டிக்கிட்டாளாமே? பொறக்கப்போறது ஒனக்குத் தம்பியா, புள்ளையா?" என்றாள். எனக்கு அப்போது உன்மேல்தான் கோபம் வந்தது. மறைத்து வைத்திருந்த அந்த ஐந்து மாதமும் கிராம நர்சம்மா வீடுவீடாக வரும்போது அம்மா பருத்திக்காட்டுக்குப் போய்விடுவாள். மாத்திரை கிடையாது, ஸ்கேன் கிடையாது.

அந்த ஐந்தாவது மாதத்தில்தான் சந்திர கிரகணம் வந்தது. நம் பக்கத்தில் கர்ப்பமாக இருக்கிறவர்கள் கிரகணத்தின்போது உள்ளறையில் படுத்துவிட வேண்டும். கத்தி, அரிவாள்மனை, ஊசி எதையும் தொடக்கூடாது. தொட்டால் பிள்ளைக்கு அந்த இடத்தில் வெட்டு விழும் என்பார்கள். அன்றைக்கு அத்தை வந்திருந்தாள். அம்மாவின் நடையைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம். சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

"என்னத்தா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? படுக்கணும்னா போய்ப் படேன்" என்றாள் அத்தை, அம்மாவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு.

"எனக்கென்ன மதினி, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மா என் சீருடையை எடுத்தாள். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சுடிதார், ஓரம் பிரிந்திருந்தது. அத்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துத் தைத்தாள். முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். பல்லால் கடித்திருக்கலாம். எப்போதும் பல்லால்தான் கடிப்பாள். அன்றைக்குக் கத்தரிக்கோலை நன்றாகத் தூக்கிப் பிடித்து வெட்டினாள். எனக்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்று அத்தைக்குக் காட்டுவதற்காக.

ஏழாவது மாதத்தில் ஸ்கேன் எடுத்தபோது உன் முதுகு தெரிந்தது.

இன்று ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் போனபிறகு அத்தை அப்பாவைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டாள். மெதுவாகப் பேசுவதாக அவள் நினைப்பு. கடையில் லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது.

"ஏலே தம்பி, கையெழுத்துப் போடாத. தச்சா மட்டும் காலு வந்துருமா? எம்புள்ளைய இடுப்புலயே சொமந்து வளத்தவ நான். எட்டு வயசு வரைக்கும் எறக்கி விடல. கடைசில அவனும் போயிட்டான், எம் இடுப்பும் போச்சு. அந்தப் பாடு ஒனக்கு வேணாம்டா. இப்பவே விட்டுரு."

"டாக்டரு தைக்கலாம்னுதானக்கா சொல்றாரு" என்றார் அப்பா.

"அவருக்கென்ன, தச்சுட்டு வீட்டுக்குப் போயிருவாரு. நடப்பான்னு எழுதிக் குடுப்பாரா, கேளு. எல்லாம் இவ பண்ணுன வேலை. கிரகணத்துல எங்கண்ணு முன்னாடி கத்தரிய எடுத்தா. நான் அன்னிக்கே பாத்தேன்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை கூப்பிடும்வரை அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா அங்கே திரும்பாமல் வெளியே போய்விட்டார். எனக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. ஒரு சின்ன வெட்டு, இரண்டு ஓரமும் விலகி ஓடின. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தையை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. உன்னையாவது பார்க்கலாம் என்று உன் அறை வாசலுக்குப் போனேன். அங்கே நிற்கிற காவல்காரர், "பெத்தவுக மட்டுந்தான் போலாம். நீ யாரு? ஒம் புள்ளையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். உன் அக்கா இன்னும் உன்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எப்போது? அதைத்தான் யாரும் கேட்கவில்லை. ஈயில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வேளை உண்டு. மனிதப் பிள்ளைக்கு முதுகுக்குள் நரம்புத்தண்டு தட்டையாகத்தான் தொடங்குகிறது. இரண்டு ஓரமும் எழும்பி, வளைந்து, குழாய்போலச் சேர்ந்து மூடிக்கொள்கிறது. ஈயின் முதுகும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இழுப்பதும் மடிவதும் ஓரங்கள் தேடி வந்து சேர்வதும் ஒரே மாதிரி வேலைதான். அந்த மூடல் முதல் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. பாதிப் பேருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. கிரகணம் வந்தது ஐந்தாவது மாதம். அம்மா நூலை வெட்டுவதற்கு எத்தனையோ நாள் முன்பே உன் முதுகின் வேளை கடந்துபோய்விட்டது.

நீ வளர்ந்த பிறகும் உன் அம்மாவை யாராவது குற்றம் சொன்னால் கோபப்படாதே. எப்போது என்று மட்டும் கேள். உனக்குக் கல்யாணம் ஆனால், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே உன் மனைவியை டாக்டரிடம் அழைத்துப்போ. ஃபோலிக் மாத்திரை என்று ஒன்று உண்டு. கரு தங்குவதற்கு முன்பிருந்தே சாப்பிட்டால் முதுகு மூடாமல் போகிற வாய்ப்பு குறையும். வாய்ப்பு குறையும் என்றுதான் சொல்கிறார்கள், வரவே வராது என்று சொல்லவில்லை. அதையும் தெரிந்துகொள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். அத்தையின் தலைமாட்டில் இருந்த போனை எடுத்துக்கொண்டு, எடுத்த பருத்தியைக் குவித்து வைத்திருக்கிற உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பருத்திக்குள் உட்கார்ந்து பேசினால் சத்தம் வெளியே போகாது. அப்பா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன தாயி, தூங்கலையா?"

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாக்கிலிருந்து ஆரம்பித்தேன். பருத்திச் சாக்கின் வாயை அப்பாதான் தைப்பார். நடுவில் பிதுங்கும் பஞ்சை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக் கோணி ஊசியால் தைப்பார். முதுகும் அப்படித்தான் மூடுகிறது, ஆனால் அங்கே தைக்க ஆள் கிடையாது என்றேன்.

"அப்ப யாரு இழுக்குறா?"

"அதுகளேதான்ப்பா. நடுவுல இருக்கதே சுருங்கி இழுத்துக் குடுக்கும். எல்லாம் மொத மாசத்துலயே முடிஞ்சிரும்ப்பா. கிரகணம் வந்தது அஞ்சாம் மாசம். அம்மா வெட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா கேட்டார்.

"மொத மாசம்னா, வைகாசியா தாயி?"

"ஆமாப்பா, வைகாசி."

"வைகாசியிலதான் நான் கெணத்துப் பருத்திக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போனேன். நனைஞ்ச சட்டையோட வருவேன். ஒங்கம்மாதான் கையால கும்மித் தொவைப்பா. கை எரியுதுன்னுகூட ஒருநா சொன்னா. அப்ப நாந்தானா?"

நான் பழியிலிருந்து அம்மாவை அவிழ்த்துவிடப் போய் அப்பாவைக் கட்டிவிட்டேன். இதை நான் யோசிக்கவே இல்லை, தம்பி. இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார், நான் படிக்கிற பிள்ளை. ஆனால் எனக்கு அது தெரியாது.

"தெரியாதுப்பா. மருந்தா இருக்கலாம், சத்து கொறஞ்சதா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமக்கூட ஆகலாம். இவனுக்கு எதுனாலன்னு டாக்டராலயே சொல்ல முடியாதுப்பா."

"அக்கா சொன்னப்ப, ஒங்கம்மா மேல போடுறது எனக்கு லேசா இருந்துச்சு தாயி" என்றார். அவர் குரல் உடைந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகு, "ஒன் ஈக்கு மூடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பொறக்காமலே செத்துரும்ப்பா. அதுக்குத் தைக்க யாரும் இல்ல."

"இவன் பொறந்துட்டான்."

"ஆமாப்பா."

"தச்சா நடப்பானா?"

"அதும் தெரியாதுப்பா. தலையில நீர் சேந்தா இன்னொரு ஆபரேசனும் பண்ணணும்னுதான் சொன்னாக. தச்சா உசுரோட இருக்க வழி இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"போன வச்சுராத" என்றார். செருப்புச் சத்தம் நீளமாகக் கேட்டது. ஒரு கதவு. நர்சம்மாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு: "நீங்கதான் காலையில சொல்றேன்னீங்களே. பேரச் சொல்லுங்க. புள்ளைக்கு என்ன உறவு?" நர்சம்மா மறுபடியும் கேட்டார். "உறவு என்னய்யா?"

"அப்பன்" என்றார். "அப்பன்தாம்மா. எங்க போடணும்?"

அதன்பிறகு போனை அம்மாவின் காதில் வைத்திருக்கிறார். அவள் மூச்சு மட்டும் கேட்டது. நூலைப் பற்றி அவளிடமும் சொன்னேன். "யாருடி ஒனக்குச் சொன்னா?" என்றாள்.

"அந்த ஈதான்ம்மா."

சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. "பரீட்சைக்குப் படிடி" என்றாள். பிறகு, "காலையில ஏழு மணிக்குத் தூக்கிட்டுப் போவாகளாம்" என்றாள். அப்பாவின் வைகாசியை நான் அவளிடம் சொல்லவில்லை. அவர் சொல்வாரா என்றும் தெரியவில்லை. நம் வீட்டில் இனி அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மறைத்து வைத்ததால் என்ன ஆயிற்று என்று நீயும் நானும் பார்த்துவிட்டோம். அதனால்தான் உனக்கு எழுதிவைக்கிறேன். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்காக அவர் கையெழுத்துப் போட்டபோது தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டுதான் போட்டார்.

பருத்தியறையிலிருந்து வெளியே வந்தபோது அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் தலையெல்லாம் பஞ்சு. போன் கையில். ஒளிக்க இடமில்லை.

"போட்டானா?" என்று கேட்டாள்.

"போட்டுட்டாரு அத்தை."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் என் தலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். "எம்புள்ள பொறந்தப்ப, தைக்கணுமான்னுகூட யாரும் எங்கிட்ட கேக்கலடி" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், அம்மா படுத்திருந்த மாதிரியே. அவள் பிள்ளைக்கும் முதுகில்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். வெளியே வரும்போது உன் முதுகில் ஒரு தையல் இருக்கும். நீ அதைப் பார்க்கவே முடியாது, நாங்கள்தான் பார்ப்போம். அந்த வாசலில் அதே காவல்காரர் நிற்பார். நீ யாரு, ஒம் புள்ளையா என்று மறுபடியும் கேட்பார், சிரிப்பார். இந்தத் தடவை திரும்பி வரமாட்டேன். ஆமாங்கய்யா, எங்க புள்ள, வழி விடுங்க என்பேன்.